காலையில் குதிரை, மதியத்தில் கழுதை: ஒரு பழைய ரோலரின் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவைச் சரிசெய்த பதிவு

சென்ற கோடையில் கரூர் பக்கம் ஒரு புறவழிச்சாலைக்கு மண்மேடு எழுப்பிக்கொண்டிருந்த சிறு ஒப்பந்ததாரர் ஒருவர், தம்முடைய வைப்ரேட்டர் ரோலர் மேடேற மறுக்கிறது என்று அழைத்தார். முன்னால் ஒற்றை இரும்பு டிரம்மும் பின்னால் இரண்டு டயர்களும் கொண்ட 11 டன் வண்டி அது. 2008ஆம் ஆண்டு வாங்கப்பட்டு மூன்று கை மாறியிருந்தது. மணி மீட்டர் 7,400இல் நின்றுபோய் எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்பு பார்த்த மெக்கானிக், பம்ப் தேய்ந்துவிட்டது, மாற்று பம்ப் போட இரண்டு லட்சம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன். "காலையில குதிரை மாதிரி ஓடுது தம்பி, பத்தரை மணிக்கு மேல கழுதை மாதிரி நிக்குது" என்றார். மூன்று நாள் வேலையில் நான் கேட்ட மிகத் துல்லியமான நோய்க்குறிப்பு அதுதான் என்பது பிறகுதான் புரிந்தது.

இந்த வண்டிகளில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளச்சோ கியர் பெட்டியோ இல்லை; எண்ணெயின் அழுத்தமே சக்கரத்தைச் சுற்றுகிறது, ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் என்பது இதுதான். எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுற்றுகிறது. பம்பின் உள்ளே சாயும் தட்டு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறதோ, அதற்கேற்ப எண்ணெய் ஒரு பெரிய ஹோஸ் வழியாக மோட்டாருக்குப் போய், மற்றொன்றின் வழியாகப் பம்புக்கே திரும்புகிறது. எங்கள் ரோலரில் பின் ஆக்சிலுக்கு ஒரு மோட்டாரும் டிரம்முக்கு ஒரு மோட்டாருமாக இரண்டும் ஒரே பம்பிலிருந்து இணையாகப் பிரிகின்றன. எண்ணெய் தொட்டிக்குப் போகாமல் வட்டமாகவே சுற்றுவதால், பிஸ்டன்களின் இடுக்குகளில் கசிந்து போவதை ஈடுகட்ட ஒரு சிறிய சார்ஜ் பம்ப் பெரிய பம்பின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். தொட்டியிலிருந்து உறிஞ்சி, வட்டத்தின் திரும்பும் பக்கத்தை 20 முதல் 25 பார் அழுத்தத்தில் நிரப்பி வைப்பது அதன் வேலை. பட்டறைகளில் பார் என்று யாரும் சொல்வதில்லை, கிலோ என்போம். ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோதான் என்பதால் கணக்கு கெடாது.

இந்த 20 கிலோ சின்ன எண்ணாகத் தோன்றும். வண்டி இழுக்கும்போது மறுபக்கத்தில் 350 கிலோ ஓடுகிறது என்பதால் எல்லோருடைய கண்ணும் அங்கேயே போகும். ஆனால் சாயும் தட்டைத் தள்ளிப் பிடித்திருப்பதும், ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும் பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பதும், பிஸ்டன்களின் முனையில் தட்டின் மேல் வழுக்கும் காலணிகளைத் தட்டோடு ஒட்ட வைப்பதும் இந்தச் சின்ன அழுத்தம்தான். அது 12 கிலோவுக்குக் கீழே இறங்கினால் தட்டு நிமிரத் தொடங்குகிறது, பிரேக் பாதி பிடித்தபடியே சக்கரம் சுற்றுகிறது, அந்த உராய்வால் சுமை கூடுகிறது, சுமை கூடினால் எண்ணெய் சூடாகிறது, சூடான எண்ணெய் இளகி இன்னும் அதிகமாகக் கசிகிறது, கசிவு கூடினால் சார்ஜ் மேலும் இறங்குகிறது. ஆகவே முன்னோக்கி, பின்னோக்கி என இரு திசையிலும் ஒரே மாதிரி வலுவிழக்கும் வண்டியில் நான் முதலில் அந்த 350 கிலோ பக்கத்தை அளக்கும் பெரிய கேஜை மாட்டுவதில்லை. ஒரு திசையில் மட்டும் வலு குறைந்திருந்தால் கதை வேறு. அந்தப் பக்கத்தில் அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வோ, எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு நோயும் சேர்ந்து மாறுகிறதா என்று பார்த்தாலே போதும்.

முதல் நாள் காலை தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் எண்ணெய் பிடித்தேன். கறுத்து, லேசாகத் தீய்ந்த வாடையோடு, மோர் கலந்தது போல மங்கலாக இருந்தது. மங்கலுக்குக் காரணம் தண்ணீரா காற்றா என்று அறிய பாட்டிலை நிழலில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் போதும்: காற்று என்றால் அடியிலிருந்து மேல் நோக்கித் தெளியும், தண்ணீர் என்றால் நாள் கடந்தும் மங்கலாகவே இருக்கும். இது அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. சூடான தோசைக்கல்லில் இரண்டு சொட்டு விட்டும் பார்த்தேன், வெடிக்கவில்லை. தண்ணீர் இல்லை என்று நிம்மதியாகக் குறித்துக்கொண்ட நான், அப்படியென்றால் காற்று எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு விலை ஒரு முழு நாள்.

பிறகு சார்ஜ் அளவிடும் துளையில் 60 கிலோ கேஜை மாட்டினேன். எஞ்சின் 2,200 சுற்றில், வண்டி நியூட்ரலில், எண்ணெய் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போது முள் 31 கிலோவில் நின்றது. கையேட்டில் 24 என்று இருக்கிறது. அதிகமாக இருப்பதும் ஒரு பழுதுதான், அதுவும் மனிதக் கை செய்த பழுது. சார்ஜ் ரிலீஃபைக் கழற்றிப் பார்த்தால், ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வாஷர்கள் இருந்தன. வண்டி சோர்ந்தபோது யாரோ ஸ்பிரிங்கை இறுக்கி அழுத்தத்தை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். ரிலீஃப் என்பது மிஞ்சிய எண்ணெயை வெளியேற்றும் வாசல். வந்து சேரும் எண்ணெயே போதாதபோது வாசலை இறுக்கி என்ன பயன்? காலையில் மட்டும் கேஜில் நல்ல எண் தெரியும், கூடவே சார்ஜ் பம்ப் தேவைக்கு மேல் சுமை இழுத்து எண்ணெயைச் சூடாக்கும். வாஷர்களை எடுக்காமல் அப்படியே மாட்டி, பழுதை அதன் போக்கில் பார்க்க முடிவு செய்தேன்.

பத்தரை மணிக்குத் தொட்டியின் வெப்பம் 86 பாகை செல்சியஸ். நியூட்ரலில் சார்ஜ் 17 கிலோ. மேட்டில் ஏறும்போது 10. பின் ஆக்சிலின் இரு முனையிலும் வெப்பமானியைக் காட்டினால் பிரேக் இருக்கும் இடம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அப்போது பெரிய கேஜையும் மாட்டி, வண்டி நின்றுபோகும் நொடியில் பார்த்தேன்: 210 கிலோ. பெரிய அழுத்தப் பக்கத்து ரிலீஃப் திறக்க வேண்டிய அழுத்தத்தில் இது பாதியை விடச் சற்றே அதிகம். தட்டு நிமிர்ந்துவிட்டதால்தான் அழுத்தம் ஏறவில்லை, ரிலீஃப் பழுதால் அல்ல என்று இதற்குப் பொருள்.

எண்ணெய் சூடானதும் சார்ஜ் இறங்குகிறது என்றால், போவது அதிகமா, வருவது குறைவா என்ற இரண்டே வழிதான். போவது அதிகம் என்றே எண்ணினேன். பழைய வண்டி, தேய்ந்த மோட்டார் என்பது எளிதாக நம்பக்கூடிய கதை. இரண்டு மோட்டார்களிலும் உள்ளே கசியும் எண்ணெயை வெளியே கொண்டுபோகும் கேஸ் டிரெய்ன் ஹோஸ்களைக் கழற்றி ஆளுக்கொரு 20 லிட்டர் வாளியில் விட்டோம். பிரேக்குக்குப் போகும் குழாய்களைக் கழற்றி இரு முனைகளையும் அடைத்துவிட்டால் பிரேக் போட்டபடியே இருக்கும். சக்கரத்துக்கும் டிரம்முக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, யாரும் வண்டியின் நேர்கோட்டில் நிற்காதபடி விலக்கி, லிவரைச் சிறிது சிறிதாகத் தள்ளி ஐந்து நொடிக்கு மேல் போகாமல் அளந்தோம். நிமிடத்துக்குக் கணக்கிட்டால் டிரம் மோட்டார் இரண்டரை லிட்டர், ஆக்சில் மோட்டார் பதினோரு லிட்டர். ஒப்பந்ததாரர் முகத்தில் ஒரே சமயத்தில் கவலையும் நிம்மதியும் தெரிந்தன. பம்ப் இல்லையென்றால் மோட்டார், ஏதோ ஒன்று பிடிபட்டதே என்று. நானும் மோட்டாரை இறக்கும் மனநிலைக்கு வந்துவிட்டேன்.

இரவு கையேட்டின் சர்க்யூட் படத்தை மீண்டும் பார்த்தபோது என் தவறு தெரிந்தது. ஆக்சில் மோட்டாரில் மட்டும் ஒரு ஃபிளஷிங் வால்வு இருக்கிறது. வட்டமாகவே சுற்றும் எண்ணெய் சூடேறிக்கொண்டே போகும் என்பதால், வண்டி நகரும்போது அழுத்தம் குறைந்த பக்கத்திலிருந்து நிமிடத்துக்குச் சில லிட்டரை வேண்டுமென்றே மோட்டார் கேஸுக்குள் திறந்துவிட்டு, கூலர் வழியாகத் தொட்டிக்கு அனுப்புவது அதன் வேலை. நியூட்ரலில் இரு பக்கமும் சமமாக இருப்பதால் அது மூடியிருக்கும். நான் கசிவு என்று அளந்ததில் பெரும்பகுதி வண்டி நலமாக இருப்பதற்காகத் தயாரிப்பாளரே வைத்த வடிகால். மறுநாள் அந்த வால்வைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு அதே சோதனையைச் செய்தோம். ஆக்சில் மோட்டாரின் கசிவு மூன்று லிட்டராக இறங்கியது. இரண்டு மோட்டார்களும் வயதுக்கேற்ற நலத்தோடுதான் இருந்தன. இந்த வால்வை மறந்து எத்தனை நல்ல மோட்டார்கள் பட்டறை மேசைக்குப் போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாளியில் பிடித்த எண்ணெயை மெல்லிய வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பார்த்தேன். பித்தளைப் பொடி கண்ணுக்கு மங்கலாக மின்னியது, செதில் எதுவும் இல்லை. பிஸ்டன் காலணி உரிந்திருந்தால் செதில் வந்திருக்கும்.

போவது அதிகம் இல்லை என்றால் வருவதுதான் குறைவு. சார்ஜ் பம்பின் வாயில் வெற்றிட கேஜை மாட்டினேன். இந்த கேஜ் பெட்டியிலேயே மிக மலிவானது, மிகக் குறைவாக வெளியே வருவதும் அதுதான். இவ்வகைப் பம்புகளுக்கு உறிஞ்சும் பக்கத்தில் ஒன்பது அங்குலப் பாதரச அளவுக்கு மேல் வெற்றிடம் தொடர்ந்து இருக்கக் கூடாது. காலையில் முள் ஐந்து அங்குலம் காட்டியது. இதில் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. எண்ணெய் சூடானால் இளகும், இளகினால் எளிதாகப் பாயும், எனவே வெற்றிடம் குறைய வேண்டும். வெறும் அடைப்பு ஏறிய ஃபில்டர் என்றால்கூடக் காலையில் மோசமாகவும் மதியத்தில் தேவலையாகவும் இருக்கும். எங்கள் கேஜ் நேர் எதிராக நடந்துகொண்டது: ஒன்பது மணிக்கு ஆறு, பத்து மணிக்கு எட்டு, பத்தரைக்குப் பன்னிரண்டு. வெப்பம் ஏற ஏற வழி தானாகவே குறுகுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. ஓட்டுநர் அண்ணனின் குதிரையும் கழுதையும் எண்களாக என் கண் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தன.

குறுகும் இடம் எது என்று பிரிக்க, ஃபில்டர் தலையின் வெளிவாயிலும் அதே கேஜை மாட்டி அளந்தேன். அங்கே சூட்டிலும் மூன்று அங்குலம்தான். ஆக, தொட்டியும் ஃபில்டரும் குற்றமற்றவை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள முக்கால் மீட்டர் ஹோஸ்தான் குற்றவாளி. அதை வெளியிலிருந்து பார்த்தால் வண்டியிலேயே மிகப் புதிய பொருள் அதுதான். எங்கும் நசுங்கவில்லை, எண்ணெய் கசியவில்லை, அழுத்திப் பார்த்தால் கல்லாக இருந்தது. கழற்றி நீளவாக்கில் அறுத்தபோது உள்ளே ரப்பர் தோல், கம்பிப் பின்னலை விட்டுப் பிரிந்து, மழைக்கு ஊறிய சுவர்ப் பூச்சைப் போல உப்பி நின்றது. யாரோ அழுத்தத்துக்கான இரட்டைக் கம்பி ஹோஸை உறிஞ்சும் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த ஹோஸ் உள்ளிருந்து வெளியே தள்ளும் விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. உள்நோக்கி இழுக்கும் வெற்றிடம் அதன் உள்தோலை உரித்துவிடுகிறது. வெளியே கம்பி விறைப்பாகவே நிற்பதால் வடிவம் மாறுவதில்லை. சூட்டில் ரப்பர் இளகினால் அந்தத் தோல் மடங்கி வழியை அடைக்கும்; எஞ்சினை நிறுத்தியதும் பழைய இடத்துக்குப் போய் நல்ல பிள்ளையாகிவிடும். இதற்கென்றே சுருள்கம்பி வைத்த உறிஞ்சு ஹோஸ் உண்டு, எஸ்.ஏ.இ. 100 ஆர்4 என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். போர்வெல் ரிக் வண்டிகளின் புண்ணியத்தில் திருச்செங்கோட்டில் எந்த அளவு ஹோஸும் கிடைக்கும். காலையில் போன ஆள் மதியத்துக்குள் திரும்பிவிட்டார். பழைய கிளாம்ப் தளர்ந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் பாட்டிலில் தெரிந்த காற்று அந்த வழியாகத்தான் நுழைந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது சந்தேகமுள்ள மூட்டில் கெட்டியான கிரீஸை அப்பினால் பம்பின் சத்தம் மாறும். காற்று நுழையும் இடத்துக்கு அது போதுமான சாட்சி. ஆனால் அழுத்தமுள்ள ஹோஸ்களில் கசிவைத் தேடும்போது கையைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது, அட்டைத் துண்டைத்தான் நீட்ட வேண்டும். 300 கிலோவில் ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பார்வைக்குச் சிறு கீறலாகத் தெரிந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

எண்ணெயை முழுவதும் மாற்றினோம். பழைய எண்ணெயில் பாதி எஞ்சின் ஆயில் என்று ஓட்டுநர் பிற்பாடுதான் ஒப்புக்கொண்டார். குறையும்போதெல்லாம் கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள். எந்த எண்ணெய் என்பதில் என் கருத்து தெளிவானது. 46, 68 என்று பீப்பாயில் இருக்கும் எண், 40 பாகை வெப்பத்தில் எண்ணெயின் கெட்டித்தன்மை. 80 பாகையில் 46ஆம் எண் எண்ணெய் ஏறத்தாழ 11 ஆகவும், 68ஆம் எண் எண்ணெய் 15க்குச் சற்றுக் குறைவாகவும் இளகிவிடும். குளிர் நாட்டுக் கையேட்டில் 46 என்றிருந்தாலும், தேய்ந்த பம்ப் வைத்துக்கொண்டு மே மாத வெயிலில் வேலை செய்பவர்களுக்கு 68தான் பொருந்தும், கையேட்டின் வெப்ப அட்டவணையும் அதை அனுமதிக்கிறது. புது பீப்பாய் எண்ணெய் சுத்தமானது என்பது பொதுவான நம்பிக்கை. இந்தப் பம்புகள் கேட்கும் சுத்தம் பீப்பாயில் இருப்பதில்லை, ஆகவே 10 மைக்ரான் ஃபில்டர் வைத்த சிறு பம்ப் வழியாகத்தான் தொட்டிக்குள் விட்டோம். தொட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் களிம்பு இருந்ததை வழித்தெடுத்தோம். கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே செம்மண் அடையாக ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து மட்டும் காற்றடித்துக் கழுவியதால் வந்த வினை, இரண்டையும் பிரித்து உள்ளிருந்து வெளியே கழுவினோம்.

முதல் ஓட்டத்தில் அவசரம் கூடாது. பம்பின் கேஸை மேல்துளை வழியாக எண்ணெயால் நிரப்பி, எஞ்சின் கிளம்பிவிடாதபடி டீசல் சொலினாய்டின் வயரைக் கழற்றி, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாக இழுத்து, சார்ஜ் கேஜின் முள் அசைந்த பிறகே எஞ்சினைக் கிளப்பினோம். காய்ந்த பம்பை நேராக 2,000 சுற்றில் ஓட்டினால் நல்ல பம்பையே ஒரு நிமிடத்தில் கொன்றுவிடலாம். ஐடிலில் பத்து நிமிடம், பிறகு இரு திசையிலும் ஊர்ந்தபடி பத்து நிமிடம், தொட்டியின் கண்ணாடியில் நுரை அடங்கும் வரை. வாஷர்களை எடுத்துவிட்டு ரிலீஃபை 24 கிலோவுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணி, வெளியே 39 பாகை. தொட்டி 71 பாகை; உறிஞ்சும் வெற்றிடம் இரண்டரை அங்குலம், காலையில் இருந்த நான்கை விடக் குறைவு, அதாவது இருக்க வேண்டிய திசையில்; சார்ஜ் நியூட்ரலில் 24, மேட்டில் 21. ஓடும்போது இரண்டு மூன்று கிலோ குறைவதைப் பார்த்து ஒப்பந்ததாரர் பதறினார். ஃபிளஷிங் வால்வு திறக்கும்போது அந்த அளவு இறங்குவது இயல்பு, இறங்காவிட்டால்தான் அந்த வால்வு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை நகரவிடாமல் பிடித்து நிறுத்திச் சோதித்தபோது பெரிய கேஜ் இரு திசையிலும் 365 கிலோவைத் தொட்டது. செலவு, எண்ணெய், இரண்டு ஃபில்டர், ஹோஸ், என் கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது.

முடியாதவையும் உண்டு. பாதி பிடித்தபடி ஓடிய பிரேக் தட்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது ஆக்சிலைப் பிரித்தால்தான் தெரியும். சரிவில் வண்டியை நிறுத்தும்போது கட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன், மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது பிரிப்பதாகப் பேச்சு. டிரம் மோட்டாரின் ஷாஃப்ட் சீலில் லேசான ஈரம் இருக்கிறது. ஐம்பது மணி நேரம் ஓடிய பிறகு முதல் ஃபில்டரை எடுத்து, அரத்தூள் உள்ளே விழாமல் இருக்க ரம்பத்தைத் தொடாமல் தகர வெட்டியால் திறந்து பார்த்தேன். பழைய களிம்பும் கொஞ்சம் பித்தளைப் பொடியும்தான் இருந்தன. அடுத்ததை 250 மணி நேரத்தில் எடுக்க வேண்டும். நின்றுபோன மணி மீட்டருக்குப் பதிலாகப் புதியது ஒன்றை மாட்டி, அதன் பக்கத்திலேயே வெற்றிட கேஜையும் நிரந்தரமாகப் பொருத்திவிட்டேன்; பன்னிரண்டு மணிக்கு முள் ஐந்தைத் தாண்டினால் போன் செய்யுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். சாக்பீஸை வாங்கி, கேஜின் கண்ணாடியில் ஐந்துக்கு நேராக அவரே ஒரு கோடு இழுத்துக்கொண்டார்.